4. இ63, இ71: பட்டன் ஸ்மார்ட்போனோடு அன்றாடம்

இந்த அத்தியாயம் இரண்டே இரண்டு போன்களைப் பற்றியது: நோக்கியா இ63, நோக்கியா இ71. இரண்டும் 2008-ல் வந்தவை. இரண்டிலும் ஓடுவது சிம்பியன். திரை 2.36 அங்குலம், அதற்குக் கீழே ஆங்கில எழுத்துகள் முழுவதும் கம்ப்யூட்டர் கீபோர்டு வரிசையில் பட்டன்களாக இருக்கும். இ71 எஃகு உடம்பு, 10 மில்லிமீட்டர் கனம், 127 கிராம் எடை. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. இ63 அதைவிட விலை குறைவாக, பிளாஸ்டிக்கில் வந்தது. ஆனால் சாதாரண இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இ63-ல்தான் உண்டு; இ71-க்கு 2.5 மில்லிமீட்டர் மாற்றிக் கம்பி தேடி அலைய வேண்டும். பாட்டும் எஃப்எம்மும் கேட்பவர் என்றால் யோசிக்காமல் இ63 எடுங்கள். படம் எடுக்க ஆசை என்றால் இ71: 3.2 மெகாபிக்சல், ‘டி’ பட்டனை அழுத்தினால் போகஸ் ஆகும். இ63-ன் 2 மெகாபிக்சல் கேமரா பஸ் நேர அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் லாயக்கு.

இந்த வகை போனில் ஒவ்வொரு வசதியைத் தொடும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இந்த வேலை போனுக்குள்ளேயே முடிகிறதா, இல்லை எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரை நம்பி நடக்கிறதா? அலாரம், காலண்டர், குறிப்புகள், மெமரி கார்டில் உள்ள பாட்டு, எஃப்எம் ரேடியோ எல்லாம் போனுக்குள் முடிகிற வேலைகள். வாங்கிய நாளில் எப்படி ஓடினவோ அப்படியே இன்றும் ஓடுகின்றன. வாட்ஸ்அப், ஆப் கடை, மேப் டவுன்லோடு, பிரவுசர் எல்லாம் வெளியே கை நீட்டி நிற்பவை. அந்தப் பக்கத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். “போன் பழசாகிவிட்டது, ஒன்றும் வேலை செய்யவில்லை” என்று கொண்டுவருகிறவர்களின் போனில் பெரும்பாலும் ஒரு பாகமும் கெட்டிருக்காது.

வாங்கும்போது

சென்னையில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும், மற்ற ஊர்களில் பஸ் நிலையத்தை ஒட்டிய செல்போன் கடைகளிலும் இவை அவ்வப்போது அகப்படும். பளபளவென்று புதிது மாதிரி இருந்தால் பேனல் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் தப்பில்லை. ஆனால் பேனல் விலைக்கு மேல் “புது பீஸ்” விலை கொடுக்கத் தேவையில்லை.

பின்மூடியையும் பேட்டரியையும் கழற்றினால் உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் மாடலும் ஆர்எம் எண்ணும் ஐஎம்இஐ எண்ணும் இருக்கும். இ63-1 என்றால் ஆர்எம்-437, இ71-1 என்றால் ஆர்எம்-346. போனை ஆன் செய்து *#06# அடித்தால் திரையில் ஐஎம்இஐ வரும். *#0000# அடித்தால் ஆர்எம் எண்ணும் மென்பொருள் பதிப்பும் வரும். சீட்டில் உள்ளதும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு போன்களைக் கலந்து ஒன்றாக்கியிருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். பிறகு உங்கள் சொந்தப் போனிலிருந்து 14422-க்கு ஒரு எஸ்எம்எஸ்: ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்க ஐஎம்இஐ. திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஏற்பாடு இது. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

கீபேடைச் சோதிக்க, நோட்ஸைத் திறந்து மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓர் எழுத்து விழாமல் போனாலோ, ஒரு தடவை அழுத்தியதற்கு இரண்டாக விழுந்தாலோ, பட்டனுக்கு அடியில் இருக்கும் உலோகக் குமிழ்த் தாளில் அழுக்கோ பச்சையோ பிடித்திருக்கிறது. கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். கடைப் பையன் தின்னர் பாட்டிலை எடுத்தால் தடுத்துவிடுங்கள். இ63-ன் பிளாஸ்டிக்கில் பட்டால் பூச்சு போய்விடும். லாக் கோடு கேட்டு நின்றால் 12345 போட்டுப் பாருங்கள், நோக்கியா கம்பெனியிலிருந்து வந்த எண் அதுதான். அதுவும் திறக்கவில்லை, கடைக்காரருக்கும் எண் தெரியாது என்றால் அந்தப் போன் எப்படிக் கடைக்கு வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சோதனை, இதை யாரும் செய்வதில்லை: கடைக்காரரிடம் சொல்லி அவர் போனிலிருந்து தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தாக விழுந்தால் அந்த போனின் மென்பொருளில் தமிழ் இருக்கிறது. கட்டம் கட்டமாக விழுந்தால் இல்லை. ஒரே மாடலில் இரண்டு விதமும் சந்தையில் உண்டு. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு இதை மாற்றுவது கடினம்.

சிம்மும் டவரும்

ஜியோ சிம் இதில் வேலை செய்யாது. 2016-ல் தொடங்கிய நாளிலிருந்தே ஜியோ 4ஜியும் அதற்கு மேலும்தான். இந்த போன்களுக்குத் தெரிந்தது 2ஜியும் 3ஜியும். ஏர்டெல் 2020-ல் 3ஜியைக் கைவிட்டது. ஆகவே ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றில் உங்கள் தெருவில் எதற்கு 2ஜி டவர் நன்றாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். சிம் போட்டதும் டூல்ஸ், செட்டிங்ஸ், போன், நெட்வொர்க் என்று உள்ளே போய் நெட்வொர்க் மோடை ‘ஜிஎஸ்எம்’ என்று மாற்றிவிடுங்கள். ‘டூயல்’ என்றே விட்டால் இல்லாத 3ஜியைப் போன் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரி அதிலேயே கரையும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் “நானும் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்” என்று கிளம்பினால் முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை நிறுத்திவிட்டார்கள்; 3ஜியும் 2024-ல் போனது. அங்கே இது கடிகாரமும் கால்குலேட்டரும்தான். மலேசியாவில் தலைகீழ்: 2021 முடிவில் 3ஜியை மூடி, 2ஜியை விட்டுவைத்தார்கள். அங்கே பேசலாம்.

சிம் அளவிலும் கவனம் வேண்டும். இப்போது தரும் சிம் ஒரே அட்டையில் மூன்று அளவுக்கும் வெட்டுக் கோடு போட்டு வருகிறது. கடைக்காரர் கை பழக்கத்தில் நானோவாக உடைத்துவிடுவார். அதற்குள் “அண்ணே, உடைக்காதீங்க, பெரிய சிம்மாவே குடுங்க” என்று சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே நானோவாக உடைந்த சிம் என்றால் அடாப்டர் சட்டத்தில் பொருத்திப் போடலாம். ஆனால் சிம் இல்லாத வெறும் சட்டத்தை ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் சட்டத்தின் விளிம்பில் மாட்டும், இழுத்தால் ஒடிந்துவிடும். அடிக்கடி சிம் மாற்றுகிறவர்கள் கம்பெனிக் கடையில் புதிதாகப் பெரிய அளவு சிம் மாற்றி வாங்கிக்கொள்வதே நல்லது.

ரீசார்ஜ் விஷயத்தில் இந்த போன்காரர்களுக்கு ஒரு நல்லது நடந்தது. முன்பெல்லாம் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் கேட்டால் டேட்டாவையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவால் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களைக் கம்பெனிகள் தர வேண்டியதாயிற்று. 365 நாள் வரை செல்லுபடியாகும் திட்டம் உண்டு. கம்பெனி ஆப்பின் முதல் பக்கத்தில் இதைக் காட்ட மாட்டார்கள். கடையில் “வாய்ஸ் ஒன்லி” என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பட்டன்களோடு பழகுவது

முதல் வாரம் எரிச்சல் வரும். டச் போனில் கண் முன்னே போகும், விரல் பின்னே வரும். இதில் விரல் இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றபின் பார்க்காமலே அடிக்கலாம். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் “இறங்கிட்டேன், 5 நிமிஷம்” என்று அனுப்பிவிட முடியும்.

எண்கள் எழுத்துகளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆர், டி, ஒய் பட்டன்கள் 1, 2, 3. அதற்குக் கீழே எஃப், ஜி, எச் 4, 5, 6. அதற்கும் கீழே வி, பி, என் 7, 8, 9. எம் பட்டன் பூஜ்யம். முகப்புத் திரையில் இவற்றை அப்படியே அழுத்தினால் எண்ணாகவே விழும், யாருக்கும் டயல் செய்யலாம். எஸ்எம்எஸ் எழுதும்போது எண் வேண்டும் என்றால் நீல அம்புக்குறி பட்டனை அழுத்திக்கொண்டு அடிக்க வேண்டும். இரண்டு தடவை தட்டினால் அது பூட்டிக்கொள்ளும், வரிசையாக எண் போகும். பாஸ்வேர்டு “தப்பு தப்பு” என்று வந்தால் முதலில் இந்தப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று திரையின் மூலையைப் பாருங்கள். எழுதியதில் ஒரு பகுதியை எடுக்க, ஷிப்டைப் பிடித்துக்கொண்டு நடுப் பட்டனால் நகர்த்தினால் எழுத்துகள் நிறம் மாறும். பிறகு கன்ட்ரோலும் சியும் சேர்த்தால் நகல், கன்ட்ரோலும் வியும் சேர்த்தால் ஒட்டு. கம்ப்யூட்டரில் செய்வதேதான்.

சிவப்பு பட்டனுக்கும் வீட்டுப் படம் போட்ட பட்டனுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் பலர் “ஹேங் ஆகுது” என்கிறார்கள். சிவப்பை அழுத்தினால் திறந்திருக்கும் செயலி மூடும். வீட்டு பட்டனை அழுத்தினால் அது மூடாமல் பின்னால் போய் ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றில் இருக்கும் ராம் 128 எம்பி. நாலைந்து செயலி பின்னால் தங்கிவிட்டால் மெமரி போதவில்லை என்று போன் கத்தும். வீட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறவை எல்லாம் வரிசையாகத் தெரியும். வேண்டாததின் மேல் போய் அழிக்கும் பட்டனைத் தட்டினால் மூடிவிடலாம். ராத்திரி படுக்கும் முன் இதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டால் ஹேங் புகார் பாதி குறையும்.

மீதிப் பாதி எஸ்எம்எஸ் பெட்டியால் வருவது. வங்கியும் கடைகளும் அனுப்பிய ஆயிரக்கணக்கான செய்திகள் சேர்ந்தால் மெசேஜிங் திறக்கவே அரை நிமிஷம் ஆகும். மெசேஜ் செட்டிங்ஸில் ‘அதர்’ என்ற பகுதியில் செய்திகளை எங்கே வைப்பது என்று கேட்கும்; மெமரி கார்டு என்று மாற்றிவிடுங்கள். நோக்கியா சொன்ன கணக்கு 8 ஜிபி கார்டு வரைதான்.

எனக்கு மிகப் பிடித்த வசதி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பவர் பட்டனை லேசாகத் தட்டினால் ப்ரொஃபைல் பட்டியல் வரும். ‘சைலண்ட்’ மேல் நின்று ஆப்ஷன்ஸில் ‘டைம்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, 11.30 என்று நேரம் கொடுத்தால் அதுவரை போன் வாயை மூடிக்கொண்டிருக்கும். 11.30-க்குத் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்குச் சைலண்டில் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை வீட்டிலிருந்து வந்த பதினைந்து மிஸ்டு காலைப் பார்க்காமல் திரியும் சங்கடம் இதில் கிடையாது. இ63-ல் இன்னொன்று: முகப்பில் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். கரண்ட் போன மாடிப்படியில் இருட்டிலும் விரலுக்கு அகப்படும் ஒரே பெரிய பட்டன் அதுதான்.

பெயர்களை ஏற்றும்போது டச் போனிலிருந்து எல்லாவற்றையும் வாரிக் கொண்டுவராதீர்கள். நீங்கள் உண்மையில் கூப்பிடுகிற ஐம்பது அறுபது பேர் போதும். சுலபமான வழி சிம் வழி: டச் போனில் அவர்களைச் சிம்மில் நகலெடுத்து, சிம்மை இதில் போட்டு, காண்டாக்ட்ஸில் சிம் பட்டியலைத் திறந்து அனைத்தையும் போனுக்கு நகலெடுங்கள். சிம்மில் நீளமான பெயர் வெட்டுப்படும், ஒரு பெயருக்கு ஓர் எண்தான் வரும். அதை அன்றே உட்கார்ந்து திருத்திவிடுங்கள். பெயரோடு தொழிலையும் சேர்த்து வையுங்கள். தேடும்போது பெயரின் முதல் எழுத்தும் பொருந்தும், இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தும் பொருந்தும். “வேலு பிளம்பர்” என்று வைத்தால் வேலு மறந்துபோனாலும் பிளம்பர் கிடைப்பார்.

வெளியே சாத்திய கதவுகள்

வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-ஓடு சிம்பியனில் நின்றது. எந்தக் கடைக்காரர் “போட்டுத் தருகிறேன்” என்று சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் பக்கம் சாய்ந்தபோதே சிம்பியனின் கதை முடிந்தது. 2014 தொடக்கத்திலிருந்து அதன் கடையில் புதுச் செயலிகளையும் புதுப்பிப்புகளையும் ஏற்பதை நிறுத்திவிட்டார்கள்.

போனோடு வந்த பிரவுசரில் வங்கித் தளமோ செய்தித் தளமோ திறக்காமல் போவதற்குக் காரணம் வேகக் குறைவில்லை. இன்றைய தளங்கள் பேசும் பாதுகாப்புப் பூட்டு டிஎல்எஸ் 1.2-ம் அதற்கு மேலும். இந்தப் பிரவுசருக்குத் தெரிந்தது அதற்கு முந்தையது. 2020-ல் பெரிய பிரவுசர்களே பழைய பூட்டைக் கைவிட்டன. இரண்டு பக்கமும் கைகுலுக்கவே முடியாதபோது பக்கம் எங்கே வரும்? ஓபரா மினி இதைச் சுற்றிப் போகும் வழி: பக்கத்தை அதன் சர்வர் திறந்து, சுருக்கி, போனுக்கு அனுப்பும். நடுவில் ஒருவர் படித்துக் கொடுக்கிறார் என்பதை நினைவில் வைத்து, அதில் பாஸ்வேர்டு எதையும் அடிக்காதீர்கள்.

வைஃபை உண்டு. ஆனால் வீட்டு டச் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் இதில் தெரியவே இல்லை என்பார்கள். அது 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். இந்த போனுக்குத் தெரிந்தது 2.4 மட்டும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்றும், பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்றும் மாற்றுங்கள். டபிள்யூபிஏ3 என்றிருந்தால் பெயர் தெரியும், உள்ளே விடாது.

பழைய செயலிக் கோப்பு ஏதாவது கார்டில் வைத்திருந்து ஏற்றப் பார்த்தால் சான்றிதழ் காலாவதி என்று மறுக்கும். செயலி கெட்டுப்போகவில்லை, அதற்குப் போட்ட கையெழுத்தின் தேதி முடிந்திருக்கிறது. ஆப் மேனேஜரில் ஆன்லைன் சான்றிதழ்ச் சோதனையை நிறுத்திவிட்டு, போனின் தேதியை 2009-க்குத் தள்ளி ஏற்றிவிட்டு, மறுபடி இன்றைய தேதிக்குக் கொண்டுவாருங்கள். அலாரத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

மேப்பும் இப்படித்தான். 2010 ஜனவரியில் ஓவி மேப்ஸ் இலவசமானபோது நாடு முழுக்க வரைபடத்தைக் கார்டில் இறக்கிவைத்தவர்களுக்கு, ஜிபிஎஸ் உள்ள இ71-ல் அது நெட் இல்லாமலே ஓடும். புதுப் பாலங்களும் பைபாஸ்களும் அதில் இருக்காது. அன்றைக்கு இறக்காதவர்களுக்கு இனி வழியில்லை. இ63-ல் ஜிபிஎஸ்ஸே கிடையாது.

தமிழ்

இந்த போன்களில் தமிழ் மூன்று இடத்தில் குறுக்கிடும். வருகிற எஸ்எம்எஸ், அனுப்புகிற எஸ்எம்எஸ், படிக்கிற பக்கம்.

வருகிற செய்தி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். எழுத்துகள் முழுதாக வந்துசேர்ந்திருக்கின்றன. காட்டுவதற்கு எழுத்துரு மட்டும் போனில் இல்லை. அதை அப்படியே வீட்டிலுள்ள டச் போன் எண்ணுக்கு ஃபார்வர்டு செய்தால் அங்கே நல்ல தமிழாக விழும்.

அனுப்புவதில் இருக்கிறது காசுக் கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம். தமிழ் ஓர் எழுத்து நுழைந்தாலும் மொத்தச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி இடம் 70 ஆகச் சுருங்கும். அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்துகள் இல்லை. “தங்கச்சிக்கு” என்று எழுதினால் நம் கணக்கில் ஏழு எழுத்து. போன் கணக்கில் பன்னிரண்டு: புள்ளிக்கு ஓரிடம், கொம்புக்கும் சுழிக்கும் ஓரிடம் என்று அது தனித்தனியாக எண்ணும். ஆக ஒரு தமிழ் எஸ்எம்எஸ் ஏழெட்டுச் சொல்லில் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் இரண்டாகக் கணக்கு. நாள் ஒன்றுக்கு இத்தனை எஸ்எம்எஸ் என்று வரம்பு வைக்கும் திட்டத்தில் இது உறைக்கும். தமிழ்நாடு முழுக்க ஒரு தலைமுறை “saptiya” வகையை ஆங்கில எழுத்திலேயே அடித்துப் பழகியதற்குப் பின்னால் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. இ63-ல் தமிழ் எழுதும் வசதி இல்லாத பதிப்பு என்றால் தங்கிலீஷைத் தவிர வேறு போக்கில்லை. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

படிப்பதற்கு ஓபரா மினியில் ஒரு பழைய உபாயம் உண்டு. முகவரி இடத்தில் ‘ஓபரா’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் ஓர் அமைப்புப் பட்டியல் வரும். அதன் கீழ்ப்பகுதியில் சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தலாமா என்று கேட்கும். ‘யெஸ்’ என்று மாற்றிச் சேமியுங்கள். இதன்பின் தமிழை எழுத்தாக அனுப்பாமல், சர்வரிலேயே படமாக வரைந்து அனுப்பும். போனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கட்டங்கள் போய்த் தமிழ் தெரியும். 2010 வாக்கில் எத்தனையோ பேர் தமிழ் வலைப்பதிவுகளைப் போனில் படித்தது இந்த ஒரு ‘யெஸ்’ஸால்தான். படம் என்பதால் டேட்டா கொஞ்சம் கூடும். 2ஜியில் பக்கம் வரும்வரை ஒரு வாய் காபி குடிக்கலாம்.

பணமும் ஓடிபியும்

ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருவதால் இதில் தாராளமாக வரும். ஆனால் யூபிஐ செயலிகளுக்கு, வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருந்தாக வேண்டும். அதனால் முதல் நாளே முடிவு செய்யுங்கள்: டச் போனில் யூபிஐ வேண்டும் என்றால் வங்கி எண்ணை அங்கேயே விட்டு, இதற்கு வேறு எண் வாங்குங்கள். ஒரே சிம்மை இங்கும் அங்கும் மாற்றி மாற்றிப் போடுவது சரிப்படாது.

டச் போனே வேண்டாம் என்பவர்களுக்கு *99# இருக்கிறது. நெட் தேவையில்லை. அடித்தால் பட்டியல் வரும். எண்ணைத் தட்டித் தட்டி இருப்புப் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. ஐவிஆர் அழைப்பு மூலமும் மிஸ்டு கால் மூலமும் பணம் அனுப்பும் யூபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது. *99#-ல் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை: நீங்கள் அடிக்கும் யூபிஐ பின் நட்சத்திரக் குறியாக மறையாது, எண்ணாகவே திரையில் நிற்கும். மளிகைக் கடைக் கூட்டத்தில் நின்று அடிக்காதீர்கள். நடுவில் கால் வந்தால் இணைப்பு அறுந்துவிடும்; மறுபடி அனுப்பும் முன் இருப்பைப் பாருங்கள்.

ரயில் டிக்கெட்டின் நிலை தெரிய ஆப் வேண்டாம். ஆங்கிலத்தில் பிஎன்ஆர் என்று அடித்து, இடம் விட்டு, 10 இலக்க எண்ணை 139-க்கு அனுப்பினால் போதும்.

பேட்டரியும் சார்ஜரும்

இரண்டுக்கும் ஒரே பேட்டரி: பிபி-4எல், 1500 எம்ஏஎச். அதே அளவுப் பெட்டிக்குள் 2500, 3000 என்று அச்சடித்து விற்பது அப்பட்டமான பொய். அந்தப் பொய்யைச் சொல்பவர் 1500-ஆவது கொடுப்பாரா என்று யோசியுங்கள். நல்ல பேட்டரி 2ஜியில் மூன்று நாள் தாங்கும். வாங்குமுன் பேட்டரியைக் கண்ணாடி மேசையில் படுக்க வைத்து விரலால் சுண்டுங்கள். உட்கார்ந்தால் சரி. பம்பரமாகச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது, வேண்டாம். ஏற்கெனவே போனில் இருக்கும் பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்தி மூடாமல் அன்றே எடுத்துவிடுங்கள்.

சார்ஜ் ஏறுவது நோக்கியா ‘சின்ன பின்’னில், அதாவது 2 மில்லிமீட்டர் ஊசியில். பக்கத்தில் மைக்ரோ யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று ஆண்ட்ராய்டு சார்ஜரைச் செருகுகிறார்கள். இந்த இரண்டு மாடலிலும் அது டேட்டாவுக்கு மட்டும், சார்ஜ் ஏறாது. சிஏ-100 என்ற கம்பி கிடைத்தால் வாங்கி வையுங்கள். ஒரு முனை யுஎஸ்பி, மறு முனை சின்ன பின். எந்தச் சார்ஜர் தலையிலும் மாட்டலாம், ரயிலிலும் ஏற்றலாம். பின்னை நேராகச் செருகி நேராக உருவுங்கள். சார்ஜில் போட்டபடியே காதில் வைத்துப் பேசினால் துளை தளர்ந்துவிடும். தளர்ந்தபின் கோணலாகப் பிடித்தால்தான் ஏறும். சில நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள்.

கைமாற்றும்போது

விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் முதலில் பெயர்களை மீட்டுக்கொள்ளுங்கள். காண்டாக்ட்ஸில் எல்லாவற்றையும் குறியிட்டு மெமரி கார்டுக்கு நகலெடுத்தால், கார்டில் ‘அதர்ஸ்’ என்ற மடிப்புக்குள் ‘காண்டாக்ட்ஸ்’ என்பதில் ஆளுக்கொரு சிறு கோப்பாக விழும். அந்தக் கோப்புகளை டச் போன் அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு சிம்மையும் கார்டையும் வெளியே எடுத்துவிட்டு, சார்ஜரில் செருகியபடி *#7370# அடியுங்கள். லாக் கோடு கேட்கும். கொடுத்தால் போனுக்குள் இருந்த எஸ்எம்எஸ், பெயர், குறிப்பு, வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி எழும். *#7780# அமைப்புகளை மட்டும்தான் பழைய நிலைக்குத் தள்ளும், செய்திகள் அப்படியே கிடக்கும். அதை அடித்துவிட்டு அழித்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். மெமரி கார்டை போனோடு கொடுப்பதாக இருந்தால் தனியாக ஃபார்மேட் செய்ய வேண்டும். *#7370# கார்டைத் தொடாது. உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின் கழிவு வாங்கும் இடத்தில் முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.